சியெனாவில் நின்றுபோன பேருந்து

ஒர்னெல்லா பயந்த சுபாவம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு வெனிஸிலிருந்து ரோம் வரை ஊர் ஊராகப் போகிற வேலைக்கு இப்படி ஒருத்தி எப்படி வந்து சேர்ந்தாள் என்று நாங்கள் கேலி செய்வோம். வெனிஸில் படகு ஏறும்போது ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஏற்றிவிடுவாள். பிளாரன்ஸில் குழு பேராலயக் குவிமாடத்தின் மேல் ஏறினால், எல்லோரும் இறங்கி வரும்வரை கீழே நின்று நகத்தைக் கடிப்பாள்.

அவள் ஊர் ரொவீகோ பக்கம், போ என்கிற ஆற்றின் கரை. அவள் பிறப்பதற்கு முன்னால் ஒருமுறை ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. "ஒண்ணும் ஆகாது" என்று ஊரார் சொன்னதை நம்பி வீட்டிலேயே இருந்த அவள் அம்மா, கடைசியில் கூரைமேல் ஏறித்தான் பிழைத்தாளாம். அந்த வீட்டில் வளர்ந்தவளிடம் யாராவது அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் அதன் பிறகுதான் அவளுக்குப் பயம் இரட்டிப்பாகும்.

நான் சியெனாவில் உள்ளூர் வழிகாட்டி. குழுவை அவள் மதில் வாசலில் என்னிடம் ஒப்படைப்பாள். நான் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திருப்பி ஒப்படைப்பேன். இப்படித்தான் சினேகமானோம்.

அவளுக்கு வாய்த்த ஓட்டுநர் நேவியோ. ஃபெர்ராராக்காரன். தடித்த மீசை, பெரிய தொப்பை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு மெதுவான கை. அவளை "மகாராணி" என்றுதான் கூப்பிடுவான். "மகாராணி, மழை தூறுது. பயப்பட ஆரம்பிச்சிட்டீங்களா, இல்ல இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?" என்பான். அவளும் விடமாட்டாள். "நீ ரோட்டைப் பாரு. என் பயத்தை நான் பாத்துக்கறேன்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ராவென்னாவில் ஒரு வயதான தம்பதியை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். நெடுஞ்சாலை ஏறிய பிறகுதான் கவனித்தாள். அவள் முகம் வெளுத்ததைக் கண்ணாடியில் பார்த்த நேவியோ, ஒரு வார்த்தை கேட்கவில்லை. டயரில் ஏதோ சத்தம் வருகிறது, ராவென்னாவில் தெரிந்த மெக்கானிக் இருக்கிறான் என்று குழுவிடம் சொல்லி வண்டியைத் திருப்பினான். அலுவலகத்துக்கு விஷயம் தெரியவே இல்லை. தெரிந்திருந்தால் அன்றோடு அவள் வேலை போயிருக்கும். அதற்குப் பிறகு வேறு ஓட்டுநரோடு அவள் போகச் சம்மதித்ததில்லை.

அந்த அக்டோபரில் வந்தது ஒரு கனடா குழு. எல்லோரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். வெனிஸ், பாதுவா, ஃபெர்ராரா முடித்து மலையைக் கடந்து பிளாரன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் பக்கத்து மடக்கு இருக்கையில் உட்கார்ந்து ஒர்னெல்லா மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் பேருந்து லேசாக வலப்பக்கம் ஒதுங்கியது. லாரிக்கு வழி விடுகிறான் என்று நினைத்தாள். பின்னால் லாரி இல்லை. சுரங்கச் சுவர் ஜன்னலை நோக்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். நேவியோவின் கண் திறந்திருந்தது. கை ஸ்டியரிங்கில் இருந்தது. ஆனால் அவன் அங்கே இல்லை.

"நேவியோ."

பதில் இல்லை. உதடு மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது.

மைக்கைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் ஒரு மூச்சு இழுத்தான். பேருந்து நேரானது.

"என்ன மகாராணி, என்னத்துக்கு இப்படி உலுக்கற?"

"உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கா? எனக்கென்ன?"

அவன் நடிக்கவில்லை. நடிக்கவில்லை என்று புரிந்ததும்தான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. தனக்கு நடந்தது அவனுக்கே தெரியாது. பின்னால் ஆசிரியர்கள் சாக்லேட்டை மாற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்துக்குப் பின் சுரங்கம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் சுவர் தன் பக்கம் சாய்வது போலவே அவளுக்குத் தோன்றியது.

பிளாரன்ஸில் வண்டியை நிறுத்தியதும் அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"டாக்டரைப் பாரு. இன்னைக்கே."

"தூக்கம் சரியில்ல, அவ்வளவுதான். ஒண்ணும் ஆகாது."

"அந்த வார்த்தைய மட்டும் என்கிட்ட சொல்லாத."

அவன் குரல் இறங்கியது. "ஒர்னெல்லா, டாக்டர் ஒரு வரி எழுதினா என் லைசென்ஸ் போச்சு. பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கு. ரோம் வரைக்கும் விடு. அப்புறம் நானே போய்ப் பாத்துக்கறேன். ராவென்னாவுல நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேனா?"

ஒருநாள்கூட அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொன்னான். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

மறுநாள் சியெனாவுக்குக் கிளம்பினார்கள். பிளாரன்ஸிலிருந்து வரும் சாலை குறுகலானது, ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. வழி முழுக்க அவள் அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மருமகன் எப்படி இருக்கிறான், இந்த வருடம் பூசணி விளைச்சல் எப்படி என்று. புதினா மிட்டாய் உரித்து உரித்துக் கொடுத்தாள். பொஜ்ஜிபோன்சி என்ற ஊரைத் தாண்டியதும் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. அவன் உதடு மறுபடி எதையோ மெல்லத் தொடங்கியது. அவள் ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மூச்சு விடும் நேரம்தான். எதிரே வந்த காரின் விளக்கு அவள் முகத்தில் அடித்துக் கடந்து போனது. அதற்குள் அவன் திரும்பி வந்துவிட்டான்.

"பூசணி இந்த வருஷம் மோசம்," என்றான்.

அன்று மாலை என் சமையலறையில் உட்கார்ந்து இதையெல்லாம் அவள் சொன்னாள்.

"ஆபீஸுக்குச் சொல்லு," என்றேன்.

"அவன் எனக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தான், லிதியா."

"சரி. நாளைக்கு அந்த சீட்டுல நீ உக்காருவியா?"

"நான் உக்காருவேன். அவங்களை உக்கார வைக்க முடியாது," என்றாள்.

காலையில் குழுவை வழியனுப்ப நானும் போயிருந்தேன். அடுத்த ஊர் ஒர்வியெத்தோ. பெட்டிகள் வரிசையாக நின்றன. நேவியோ சாமான் அறைக் கதவைத் திறந்தான். ஒர்னெல்லா பேருந்துக் கதவின் குறுக்கே போய் நின்றாள்.

"யாரும் ஏற வேண்டாம்," என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் மேலாளர் பெரூச்சி. விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தியது எனக்கே கேட்டது. "இன்னைக்கு சனிக்கிழமை! மாத்து டிரைவருக்கு நான் எங்க போவேன்? உனக்கு எப்பவும் இதே பயம்தான், ஒர்னெல்லா. ஏத்திக்கிட்டுக் கிளம்பு!"

"மாட்டேன் சார். நான் ரயில்ல கூட்டிட்டுப் போறேன்."

"அப்படின்னா இதுதான் நீ எங்களுக்குக் கூட்டிட்டுப் போற கடைசிக் குழு."

அவள் போனை அணைத்தாள். நேவியோவின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. கனடாக்காரர்கள் எதிரிலேயே அவளைத் திட்டினான். நன்றி கெட்டவள், கோழை, என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாய், இன்னும் என்னென்னவோ. அவள் அழுதுகொண்டே நின்றாள், கதவை விட்டு மட்டும் நகரவில்லை. முன் இருக்கையில் வழக்கமாக உட்காரும் மார்ஜரி என்கிற அம்மாள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "நேத்து நானும் பார்த்தேன். எதிர்ல கார் வந்தப்போ அவர் முகம் கண்ணாடியில தெரிஞ்சது, ஆள் நினைவிலேயே இல்ல. நமக்கெதுக்குன்னு பேசாம இருந்துட்டேன்."

அதற்கப்புறம் நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெட்டிகளை நடைபாதையிலேயே விட்டு, சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு நேவியோ ஓட்டுநர் பக்கத்துக் கதவு வழியாக ஏறினான்.

"நேவியோ, இறங்கு! நேவியோ!"

"வீட்டுக்குப் போறேன். வண்டி காலியாத்தானே இருக்கு? இப்ப என்ன பயம் உனக்கு?"

காலிப் பேருந்து திரும்பி, வளைவில் மறைந்தது. ஃபெர்ராராவுக்குப் போக அவன் மறுபடி அந்த மலையையும் அத்தனை சுரங்கங்களையும் கடந்தாக வேண்டும். சனிக்கிழமை. சாலை முழுக்கக் குடும்பங்களின் கார்கள்.

ஒர்னெல்லா அவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. அவன் மனைவி இவானாவுக்குச் செய்தாள். எடுக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் அடுத்து செய்யப்போவது என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, செய் என்றும் வரவில்லை. நெடுஞ்சாலைப் போலீஸுக்குப் போன் செய்தாள். வண்டியின் நிறம், நம்பர், ஓட்டுபவன் பெயர், அவனுக்கு என்ன ஆகிறது என்பதெல்லாம் சொன்னாள். பெயரைச் சொல்லும்போது மட்டும் இரண்டு தடவை தடுமாறினாள்.

பிறகு குழுவை டாக்ஸிகளில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனாள். நானும் ரயிலில் ஒர்வியெத்தோ வரை உடன் போனேன். வழியில் கியூசி என்ற ஊரில் ரயில் மாற வேண்டும். வழி நெடுக அவள் ரயில் பெட்டியின் வாசலருகே நின்றபடியே வந்தாள். தன்னால் ஒரு குடும்பம் இந்நேரம் சாலையில் நசுங்கிக் கிடக்குமோ, நேற்றே போலீஸுக்குச் சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாமோ என்று முணுமுணுத்தாள். மார்ஜரி அவளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தார். அவள் அதைச் சாப்பிடாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள்.

ஒர்வியெத்தோ ஸ்டேஷனில் இறங்கியபோது போன் வந்தது. போலீஸ்காரர் ஒருவர். பிளாரன்ஸ் வருவதற்குள் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாலையோரத் தடுப்புக் கம்பியில் வெகுதூரம் உரசிக்கொண்டு போய், ஏற்றத்தில் தானாகவே வேகம் குறைந்து நின்றிருந்ததாம். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவன், "ஃபெர்ராரா வந்துடுச்சா?" என்று கேட்டானாம்.

ஒர்னெல்லா ஸ்டேஷன் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்தாள். கனடாக்காரர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள்.

அவன் மூளையில் சின்னதாக ஒரு கட்டி. குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். லைசென்ஸ் போனது. பென்ஷனை ஒருவழியாக யூனியன்காரர்கள் பேசி வாங்கிக் கொடுத்தார்கள். பெரூச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஒர்னெல்லாவை மறுபடி அழைக்கவில்லை. இப்போது அவள் வேறொரு சின்ன நிறுவனத்துக்காக பாதுவாவில் நடைப்பயணக் குழுக்களைக் கூட்டிப் போகிறாள். பேருந்தில் ஏறியே ஆகவேண்டும் என்றால் ஓட்டுநர் பக்கத்தில் நின்றுகொண்டே வருகிறாள். தூங்கினால் அந்தச் சுரங்கம் கனவில் வருகிறது என்கிறாள். அவளுடைய மகள் வற்புறுத்தி ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். கொஞ்சம் பரவாயில்லையாம்.

நேவியோ அவளோடு பேசவில்லை. வசந்தத்தில் இவானாதான் கூப்பிட்டாள். "அவர் கூப்பிட மாட்டார். நான் கூப்பிடறேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா."

போக அவளுக்குப் பயம். என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நேவியோ இளைத்திருந்தான், மீசை இல்லை. தலையில் ஒரு பக்கம் முடி புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. பூசணி அடைத்த பாஸ்தாவை இவானா பரிமாறி முடிக்கும்வரை அவன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"போலீஸுக்கா போன் போடுவ?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன், நேவியோ. பிளாரன்ஸுல சொன்னேன். சியெனாவுல கதவை மறிச்சுக்கிட்டு நின்னு சொன்னேன்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். என் பக்கம் திரும்பினான். "நிஜமாவா?"

தலையசைத்தேன். அந்த மூன்று நாளும் அவன் நினைவில் இல்லை என்று இவானா மெல்லச் சொன்னாள். தன்னைப் போலீஸில் பிடித்துக்கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் பிறர் சொல்லி அவனுக்குத் தெரியும்.

"நான் உன்னைத் திட்டினேனா?"

"ம்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்."

அவன் கண் கலங்கியது. பாத்திரத்தை இழுத்து அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பாஸ்தாவை வைத்தான். வேண்டாம் என்று அவள் தடுக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த மேசையில் எழவே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் இவானா எங்களை ஸ்டேஷனில் விடக் காரை எடுத்தாள். அவனும் கூட வந்தான். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டு சில மாதம்தான் ஆகிறது. முதல் திருப்பத்திலேயே ஒரு சைக்கிள்காரனை உரசப் பார்த்தாள்.

"பிரேக்! இவானா, பிரேக்!" என்று முன் இருக்கையில் நேவியோ இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டான். பின் இருக்கையில் ஒர்னெல்லா கண்ணை இறுக மூடி என் மணிக்கட்டைப் பற்றினாள். ஸ்டேஷன் வரும்வரை அவள் விடவில்லை. அவள் விரல் பதிந்த தடம் அன்று முழுக்க என் கையில் சிவந்திருந்தது.