ஜெயம்மாளின் கறுப்புப் பை

ஜெயம்மாளுக்குக் கோபமே வராது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டாமா என்பது என் கட்சி. ஐம்பத்தாறு வயது. பொதட்டூர்பேட்டை சாலையிலிருந்து விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, முழங்காலைத் தடவிக்கொண்டே திரும்பிப் போகிறவள். புருஷன் சுப்பனுக்கு இடுப்பு போனதிலிருந்து கட்டிலோடு சரி. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தேய்த்த பாத்திரத்தில் பிசுக்கு இருந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். போன வருஷம் அதற்கும் ஆபத்து வந்தது, ஒரு நாயால்.

நாய், மூன்று வீடுகளில் முதல் வீட்டு நாய். அந்த வீட்டு மாமா கணபதிசுப்பிரமணியன், கோயில் மடப்பள்ளியில் நாற்பது வருஷம் பொங்கலும் புளியோதரையும் செய்து ஓய்ந்தவர். மனைவி ருக்கு மாமி. ஒரே பையன் பரத்வாஜ் பெங்களூரில். அவன் ஆசைப்பட்டு ஒரு லாப்ரடார் வாங்கினான். குழந்தை பிறந்ததும் ஆசை தீர்ந்துபோய், நாய் திருத்தணிக்கு வந்து சேர்ந்தது. பெயர் புரூனோ. ஜெயம்மாள் வாயில் அது பூர்ணம். கூடவே ஃபோனில் உத்தரவும் வந்தது. நாய்க்குப் பச்சைக் கறியும் பச்சை எலும்பும்தான் போட வேண்டுமாம். அதுதான் இயற்கையாம், வேகவைத்தால் சத்து போய்விடுமாம். ஏதோ வீடியோவில் பார்த்தானாம்.

முட்டையைக்கூடத் தொடாத வீடு. மாமி முதலில் அழாத குறை. அப்புறம் யோசித்தார். பச்சையாகவே போட்டால் அடுப்பு தீட்டாகாது, பாத்திரம் தீட்டாகாது, வாடையும் வராது. அம்மாவின் மடி ஆசாரமும் பிள்ளையின் வீடியோவும் ஒத்துப்போன விஷயம் உலகத்தில் அது ஒன்றுதான். கறியை யார் தூக்கி வருவது? இருக்கவே இருக்கிறாள் ஜெயம்மாள். ராஜீவ் கறிக்கடையில் கோழிக் கழுத்தும் காலும் ஈரலும் கறுப்புப் பையில் வாங்கி, கொல்லைப்புற சந்து வழியாக வந்து நாயின் கிண்ணத்தில் போடுவாள். தின்று முடித்ததும் அந்தக் கிண்ணத்தை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கவிழ்ப்பாள்.

“இன்னாம்மா இது, நாங்களே கறிய வேகவச்சுத்தான் துன்றோம். இதுக்கு மட்டும் எதுக்குப் பச்சையா?” என்று முதல் நாளே கேட்டாள்.

“பரத் சொல்றான் ஜெயம்மா. நமக்கென்ன தெரியும்?”

“எலும்பாவது வேணாம்மா. ஆடி மாசம் கூழ் ஊத்துன மறுநாளு, எங்க நாய்க்கு ஆட்டெலும்பு தொண்டையில மாட்டிகினு ரெண்டு நாள் கத்திச்சு. மூணாம் நாளு செத்தே போச்சு.”

“அது சமைச்ச எலும்பு. சமைச்சாத்தான் கூர்கூரா உடையுமாம். பச்சை எலும்பு ஒண்ணும் பண்ணாதாம்.”

அடுத்த மாதமே பச்சை எலும்பைக் கடித்து நாயின் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில், பச்சையோ வெந்ததோ எலும்பே வேண்டாம், கறியையும் வேகவைத்துப் போடுங்கள் என்றார்கள். எலும்பு நின்றது. வேகவைக்கச் சொன்னதை மட்டும் மாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமாவுக்குப் புற்றுநோய். மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, சின்னக் கிருமி போதும் ஆளைக் கவிழ்க்க என்று எச்சரித்திருந்தார்கள். அதனால் அவருக்குக் காய்ச்சாத தண்ணீர் கிடையாது, தோலுரிக்காத பழம் கிடையாது. நாய்க்கு மட்டும் தடையே இல்லை. கொல்லையில் கறியைத் தின்றுவிட்டு, வாயைச் சப்பிக்கொண்டு நேரே வந்து அவர் மடியில் முகத்தை வைக்கும். உள்ளங்கையை நக்கும். நாள் முழுக்க வலியில் முனகுகிற மனிதர் அப்போதுதான் சிரிப்பார். அதே கையால் தயிர் சாதம் பிசைவார்.

“சாமி, கையக் கழுவிகினு துன்னுங்க,” என்று ஜெயம்மாள் சொம்பும் சோப்புமாக வந்து நிற்பாள்.

“இதுக்கு எம்மேல இருக்கற பிரியம் வேற யாருக்குடி இருக்கு?” என்றபடி கழுவிக்கொள்வார். அவள் அடுத்த வீட்டில் இருக்கும் நேரங்களில் கேட்பாரில்லை.

ஐப்பசியில் அவருக்குக் குளிர்ஜுரம் வந்தது, வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் கிருமி, பச்சைக் கறியிலிருந்து வருகிற வகை, வீட்டில் யாராவது பச்சைக் கறி புழங்குகிறீர்களா என்று டாக்டர் கேட்டார்.

“எங்காத்துலயா? மாம்சமா? சிவ சிவா!” என்றார் மாமி.

அதை முழுப்பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது அவருக்கு வீட்டில் நடப்பதே அல்ல. ஆனால் அந்தப் பதிலுக்கு யாராவது பலியாக வேண்டுமே. பெங்களூரிலிருந்து பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னான்: வேலைக்காரி கறி சாப்பிடுகிறவள், அவள் கையிலிருந்துதான் வந்திருக்கும்.

மாமி ஃபோனில் ஜெயம்மாளை இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். அவளும், “ஆங், சரிம்மா,” என்று வைத்துவிட்டாள். சேதி பரவி, அன்று மாலையே இரண்டாவது வீடும் நிறுத்தியது. மூன்றாவது வீடு எங்களுடையது. நானும் நிறுத்தினேன். அவள் கையைப் பற்றி இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்தும் நிறுத்தினேன். ஊரோடு ஒத்துப்போவதில் எனக்கு அப்படியொரு சாமர்த்தியம்.

மாமா தேறி வீட்டுக்கு வந்தார். இப்போது கறி போடுவது மாமியின் வேலை. கடைப் பையன் சந்தில் வைத்துவிட்டுப் போகும் பையை இரண்டு விரலால் பிடித்துக் கொட்டுவார், கிண்ணத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கவிழ்ப்பார், உடனே போய்த் தலைக்குக் குளிப்பார். நாய் வழக்கம்போல மாமாவின் கையை நக்கியது. சோப்போடு வந்து நிற்க ஆளில்லை. ஒன்பதாம் நாள் மறுபடி ஜுரம், மறுபடி ஆஸ்பத்திரி, அதே கிருமி. இந்த முறை டாக்டர் கேட்டதும் மாமி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இனி ஒருமுறை வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

துணைக்குப் பரத்வாஜை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு, மாமி ஒரு நாள் ஊருக்கு வந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். மடியில் கறுப்புப் பை. அந்தச் சாலையில் அவர் தன் கையால் கறி எடுத்துக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

ஜெயம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “வாங்கம்மா. சாமி எப்டிகிறாரு?” என்றாள்.

“மறுபடியும் ஜுரம் ஜெயம்மா. நீ இல்லாதப்போ வந்துது.” மாமி பையைக் கை மாற்றிக்கொண்டார். “டாக்டர் மொதல்ல கேட்டப்போ நான் மறைச்சுட்டேன். நாய்க்குக் கறி போடறோம்னு சொல்ல வெக்கமா இருந்துது. பழி உம்மேல விழுந்துடுத்து.”

ஜெயம்மாள் கீரையைத் தள்ளி வைத்தாள். என்னைப் பார்த்து, “நீங்களும் வந்துகிறீங்களா?” என்று மட்டும் கேட்டாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

“இதை வேகவச்சுத் தரியா?” என்று மாமி பையை நீட்டினார்.

“இன்னிக்கி தரேன். நாளைக்கு இன்னா பண்ணுவீங்க? உங்க வூட்லயும் அடுப்புகீது.” குரலில் அலுப்புதான் இருந்தது. “வந்து பாத்துக்கோங்க. துண்டு எலும்பு இருந்தாக்கூட எடுத்துடணும். உப்பு வேணாம். உள்ள செவப்பு தெரியாம வேவணும்.”

மாமி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். ஜெயம்மாள் சோப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். “பையப் புடிச்ச கை. தலைக்கு ஊத்திகினா போவாதும்மா இது, சோப்பு போடணும்.”

“வேலைக்கு வருவியா?”

“காலு நோவுது. ஆனா வராம இன்னா பண்ணப்போறேன்? ஒண்ணு மட்டும். இது என் கையால வரலன்னு தம்பிகிட்ட சொல்லுங்க. என் காதுல வுழணும்.”

மாமி அங்கேயே ஈரக் கையோடு ஃபோனைப் போட்டார். “பரத், ஜெயம்மா கை இல்லடா. நீ சொல்லி நான் போட்ட பச்சைக் கறிதான். இனிமே வேகவச்சுத்தான் போடப்போறேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து, “வேகவச்சா சத்தெல்லாம் போயிடுமேம்மா,” என்றான்.

“போகட்டும்டா. உங்கப்பா இருக்கணும்.”

மாமா இரண்டு வாரத்தில் வீடு திரும்பினார், பாதி ஆளாக. கொல்லையில் இப்போது தனி அடுப்பு, தனிப் பாத்திரம். நாய் வெந்த கறியைத் தின்கிறது, சத்து குறைந்ததாகத் தெரியவில்லை. இன்னமும் நக்குகிறது. அவரும் முணுமுணுத்துக்கொண்டே கை கழுவுகிறார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஜெயம்மாள் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தாள். குழாயடியில் சோப்பு போட்டு முழங்கைவரை கழுவினாள். பாத்திரத்தைத் தொடவில்லை. நேரே என் முன்னால் வந்து, தண்ணீர் சொட்டுகிற இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

“பாத்துக்கோங்கம்மா. அப்புறமா தேய்க்கிறேன்,” என்றாள்.

அவளுக்குக் கோபம் வராது என்று நான் இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.