மலாபோவுக்கு ஒரு பொட்டலம்

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் கௌஸ் முகைதீன் வேலை பார்க்கும் கார்கோ கடையில், பெட்டியின் தலையில் ஊர்ப் பெயர் எழுதுவது அவர் ஒருவர்தான். குடோனில் யாரும் ஒட்டுச்சீட்டைப் படித்துக்கொண்டிருப்பதில்லை. தடித்த மார்க்கரில் அவர் எழுதியதைப் பார்த்து அந்தந்தக் குவியலில் வீசுவார்கள். முக்கால்வாசிப் பெட்டிகள் கோழிக்கோட்டுப் பக்கம் போகிறவை. ஆகவே இருபத்தேழு வருடமாக அவர் கை அதிகம் எழுதிய சொல், இங்கிலீஷ் கொட்டை எழுத்தில், மலபார்.

தான் எழுதிய பெட்டி ஒன்றுகூட வழி தவறியதில்லை என்பார். கர்வந்தான். கர்வப்பட்டுக்கொள்ள வேறு எதைத்தான் கொடுத்தது அந்த மனுஷனுக்கு இந்த வாழ்க்கை?

மகன் நுஃமான் வெல்டர். ஷார்ஜாவில் வேலை முடிந்ததும் கம்பெனி அவனை ஈக்குவடோரியல் கினிக்கு அனுப்பியது. ஆப்பிரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிற நாடு ஒன்று இருப்பதே அப்போதுதான் கௌஸுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் மகன் போனில் பாடம் நடத்துவான்.

"நாட்டுல பெரும்பாகம் அக்கரைல கிடக்கு வாப்பா, தலைநகரம் மட்டும் தீவுல. அதான் மலாபோ. பூபி ஜனங்களோட ராஜா பேராம். ஸ்பெயின்காரன் இருந்தப்ப சாந்தா இசபெல்னு வச்சிருந்தானாம்."

"மழை இருக்காடா?"

"மழைதான் வேலையே. பின்னால பெரிய மலை, மேகம் அதை விட்டு நகராது. மலையடி முழுக்க கோகோ தோட்டம். நைஜீரியாலேருந்து கான்ட்ராக்ட்ல கூலியாளக் கொண்டாந்து வேலை வாங்கிருக்கான். நம்ம கதைதான் வாப்பா. அறுபத்தெட்டுல ஸ்பெயின்காரன் போய்ட்டான், இப்ப எண்ணெய் வந்திருச்சு. கூலியாளு மட்டும் இன்னும் வெளியேருந்துதான்."

நுஃமானுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. கம்பெனியிடம் அதை மறைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தான். சாரத்தில் ஏறி வெல்டிங் அடிக்கிறவனுக்கு வலிப்பு என்றால் எவன் வைத்துக்கொள்வான்? ஒரு நாள் போனில் அவன் குரல் இறங்கியிருந்தது. பன்னிரண்டு நாளைக்குத்தான் மாத்திரை இருக்கிறதாம். அங்கே தேடிய கடையில் எல்லாம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அன்றே கௌஸ் மாத்திரை வாங்கினார், டாக்டர் சீட்டை வைத்தார், ஒட்டுச்சீட்டைப் பிழையில்லாமல் நிரப்பினார். விமானத்தில் போய்ச் சேர ஏழு நாள். பெருநாள் நெருக்கம், கடையில் நிற்க இடமில்லை. மலபார், மலபார் என்று நாற்பது பெட்டிக்கு எழுதிய சூட்டோடு மகன் பொட்டலத்திலும் மார்க்கரை வைத்தார். மலாபோவுக்கும் மலபாருக்கும் இங்கிலீஷில் முதல் ஐந்து எழுத்து ஒன்றுதான். மிச்சத்தைக் கை தானாக எழுதிக்கொண்டது.

எட்டாம் நாள் நுஃமான், "இன்னும் வரல வாப்பா" என்றான்.

கடை முதலாளி ஹசன் அலி, "கௌஸ் பாய், குடோன்ல ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டா?" என்றார்.

"நான் எழுதுன பெட்டி முதலாளி. எங்க போகும்?" என்று கௌஸ் முகத்தைச் சுளித்தார். அந்த ஒரு வீறாப்பு மூன்று நாளைத் தின்றது.

பதினோராம் நாள் கோழிக்கோட்டிலிருந்து போன் வந்தது. நுஃமான் என்ற பெயரில் ஒரு பொட்டலம் கிடக்கிறது, கேட்டு ஆள் வரவில்லை என்றார்கள். அதன் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று கௌஸ் கேட்டார். கேட்டுவிட்டு அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது பொட்டலம் அன்றே கிளம்பியது. மகனிடம், "சாரத்துல ஏறாதடா, கம்பெனில உண்மையச் சொல்லிடு" என்று அழுதார்.

"சொன்னா டிக்கெட்டக் கையில கொடுத்துருவான். பாதிப் பாதியா போட்டு ஓட்டுறேன், நீங்க பயப்படாதீங்க."

ஓடவில்லை. பதினான்காம் நாள் சாரத்தின் மேலேயே வலிப்பு வந்தது, விழுந்தவன் எழவில்லை. மய்யித்தை ஊருக்கு அனுப்ப நாளாகும் என்று கம்பெனி சொன்னது, அங்கேயே அடக்கினார்கள். கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். ஹவுஸா வியாபாரிகள் நாலு பேர் வந்து ஜனாஸா தொழுதார்களாம். முன்பின் தெரியாத அந்த நாலு பேருக்காக கௌஸ் இன்றும் துஆ கேட்கிறார்.

கீழக்கரையில் இருக்கும் மனைவி ஷம்சியாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: கார்கோவில் யாரோ ஊரை மாற்றி எழுதிவிட்டார்கள். அந்த யாரோ யார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. எப்படி எழும்?

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவள்தான் போன் செய்கிறாள். அழுது முடித்து, கடைசியில் தவறாமல் கை ஏந்துகிறாள்.

"அப்படி மாத்தி எழுதுன கை அழுகிப் போகணும், நுஃமான் வாப்பா. பெத்த வயிறு எரிஞ்சு கேக்குறேன். நீங்களும் ஆமீன் சொல்லுங்க."

மார்க்கர் கறை படிந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு கௌஸ் முகைதீன் "ஆமீன்" என்கிறார்.