ஒன்பதாவது தாள்

இது நடந்தது. எனக்கு நடந்தது. 2002 மார்ச் ஆறாம் தேதி, புதன்கிழமை, மாலை 6.12 முதல் 6.41 வரை. கனவு கண்டிருப்பாய் என்கிறார் என் வீட்டுக்காரர். பரீட்சை பயம் என்றார் ஒரு டாக்டர். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். அந்தத் தாளை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சி நம்பவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் பெயர் காலிதா. ஏர்வாடி பக்கம். வாப்பா சவூதியில் இருந்தார். அப்போது நான் பத்தாம் வகுப்பு. பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் கெட்ட பெயர். செய்தவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌகரியமாக இருக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்குத் தங்கசாமி சார். பரீட்சையில் ஒரு பாரா வரும். நடுநடுவே பத்துக் கோடுகள். சரியான வார்த்தையை நிரப்ப வேண்டும். பத்து மார்க். சார் அந்தப் பாராவை நடத்தவே மாட்டார். போர்டில் ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்டு, பக்கத்தில் பத்து வார்த்தைகளை எழுதுவார். அதற்குப் பெயர் கீ. முதல் வரியைப் பார்த்து எந்தப் பாரா என்று அடையாளம் கண்டுகொண்டு, மனப்பாடம் செய்த பத்தையும் வரிசையாகக் கொட்ட வேண்டும்.

"பாராவப் படிக்காதீக, கொழம்பிருவீக. நம்பரப் படிங்க" என்பார்.

நாங்களும் நம்பரைத்தான் படித்தோம். பாரா எதைப் பற்றியது என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான்தான் முதல் ரேங்க்!

நன்றாகப் படிக்கிறவர்கள் லீடர். ஒவ்வொரு லீடருக்கும் மெதுவாகப் படிக்கிற பிள்ளைகள் கொஞ்சப் பேர். அவர்கள் தாளை லீடர்தான் திருத்த வேண்டும். மார்க், கையெழுத்து, தேதி மூன்றையும் சிவப்பு மையில் போட வேண்டும். தேதி விட்டுப்போனால் லீடருக்கும் அடி விழும். நாலு மார்க்குக்குக் கீழே மூன்று தடவை வாங்கினால், அந்தப் பிள்ளையின் பெயர் பொதுத்தேர்வுப் பட்டியலில் போகாது. வருகைப்பதிவு குறைவு என்று எழுதி வெளியே அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கு நூற்றுக்கு நூறு ரிசல்ட் வேண்டும், அவ்வளவுதான்.

என் குழுவில் ஒன்பது பேர். ஒன்பதாவது கருத்தம்மாள்.

அவள் கடற்கரைக் குடியிருப்பிலிருந்து நடந்து வருவாள். அங்கிருந்து பத்தாம் வகுப்பு வரை வந்த ஒரே பிள்ளை. அம்மா முருகம்மாள் தீவுப் பக்கம் போய் முங்கி, கடல்பாசி எடுப்பவர். அப்பா இல்லை. பத்து பாஸானால் நர்ஸ் வேலைக்குப் படிக்கலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். பெயிலானால் மறுபடி எழுதலாம். எழுதவே விடாவிட்டால் பாசிதான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

முதல் இரண்டு தடவை அவள் வாங்கியது இரண்டும் மூன்றும். மனப்பாடம் அவளுக்கு வராது. மூன்றாவது டெஸ்ட் டிசம்பர் பதினொன்று. கலங்கரை விளக்கக் காவல்காரரின் மகளைப் பற்றிய பாரா. புயலில் அப்பா இல்லாதபோது அவள் விளக்கை ஏற்றிப் படகுகளைக் காப்பாற்றுகிறாள். கருத்தம்மாள் தாளில் மூன்று வார்த்தைகள்தான் கீயோடு ஒத்துப்போயின. மற்ற ஏழும் வேறு வார்த்தைகள். கீயில் 'லேம்ப்' இருந்த இடத்தில் 'லைட்' என்று எழுதியிருந்தாள். 'ஸ்மால்' இருந்த இடத்தில் 'லிட்டில்'.

"ஏண்டி கீயில இருக்கிறத எழுதல?"

"பாராவப் படிச்சுப் பாத்தேன் காலிதா. இதுவும் சரியாத்தான வருது?"

சரியாகத்தான் வந்தது. நாற்பத்திரண்டு பேரில் அந்தப் பாராவைப் படித்தவள் அவள் ஒருத்திதான். எனக்கு அது அப்போதே புரிந்தது. புரிந்தும் ஏழு பெருக்கல் குறி போட்டேன். பத்துக்கு மூன்று. கையெழுத்து, தேதி. கீயை மீறி மார்க் போட்டால் சார் என்னைத் திட்டுவார் என்ற பயம். முதல் ரேங்க்காரிக்கு அந்தப் பயம்!

மறுவாரமே அவளை அனுப்பினார்கள். முருகம்மாள் ஈரச்சேலையோடு வந்து தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். உள்ளே கூப்பிடக்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் அடுத்த கீயை ஒப்பித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்த மார்ச் ஆறுக்கு வருகிறேன்.

பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். ஆறு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். மீரா சாகிபு மாமா அந்தி நேரத்து மஃரிபு தொழுதுவிட்டு சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிப்போவார். அதுவரை தாள் திருத்தலாம் என்று வகுப்பில் உட்கார்ந்தேன். கேட்டில் வாட்ச்மேன் கூத்தையா இருந்தார். அவர் ரேடியோ எனக்குக் கேட்டது.

மேஜை மேல் எட்டுத் தாள்கள். எண்ணித்தான் வைத்தேன்.

6.12. கரண்ட் போனது. ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. எட்டாவது தாளில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன். அடியில் இன்னொரு தாள் இருந்தது.

ஒன்பது.

எடுத்தேன். ஈரமாக இருந்தது. மேலே பெயர்... மு. கருத்தம்மாள், பத்து ஆ. அன்றைக்கு வைத்த பாராவே இல்லை அது. டிசம்பரில் வைத்த அதே பாரா. அதே வார்த்தைகள். லைட். லிட்டில். ஆனால் நான் போட்ட ஏழு பெருக்கல் குறிகளில் ஒன்றுகூட இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. எவளோ விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் கோட்டின் மேல் பழக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

மை நிற்கவில்லை. கரைந்து ஓடியது. இரண்டாவது தடவை போட்டேன். அதுவும் ஓடியது.

சொட்... சொட்... என்று ஒரு சத்தம்.

பின்னாலிருந்து வந்தது. கூடவே ஒரு வாடை. கரையில் காயப்போட்ட பாசியின் வாடை. பள்ளியிலிருந்து கடல் இரண்டு மைல்.

6.19. நிமிர்ந்து பார்த்தேன். ஆறு வரிசை பெஞ்சு. ஆறாவது வரிசையில், அவள் எப்போதும் உட்காரும் இடத்தில், கருத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

பயப்படவில்லை. சத்தியமாக அப்போது பயம் இல்லை. யாருக்கும் தெரியாமல் வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பாவாடை மேல் ஆம்பளைச் சட்டை. பாசி எடுக்கப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். பாறை அறுக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தாள். பத்து விரலிலும்.

"ஏய், எப்படி உள்ள வந்த? சார் பாத்தா கொன்னுருவாரு. போ!"

"திருத்து."

"பேரே போகலயே உனக்கு... இனிமே திருத்தி என்ன ஆகப்போகுது?"

"படிச்சுப் பாத்துத் திருத்து."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. சரி, படித்துத்தான் தொலைப்போமே என்று தாளைத் தூக்கினேன். மூன்று மாதமாக வாய் வலிக்கக் கீ ஒப்பித்த பாராவை அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுதாகப் படித்தேன். சத்தமாகப் படித்தேன்.

முதல் கோடு. அவள் எழுதியது பொருந்தியது. டிக் போட்டேன். மை நின்றது.

இரண்டாவது பொருந்தியது. டிக். தலையைத் தூக்கினேன். அவள் ஐந்தாவது வரிசையில் இருந்தாள்.

எழுந்து வந்த சத்தம் இல்லை. பெஞ்சு நகரவில்லை.

மூன்று. நான்கு. டிக். டிக்.

நான்காவது வரிசை.

சொட்... சொட்... சொட்...

கூத்தையாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஆனால் பாராவைப் படிக்க மட்டும் குரல் வந்தது. ஐந்து. ஆறு.

மூன்றாவது வரிசை. அவள் கண்கள் சிமிட்டவே இல்லை. இமையில் மணல்.

ஏழு. எட்டு.

இரண்டாவது வரிசை.

6.33. ரேடியோ நின்றுவிட்டது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

ஒன்பது.

முதல் வரிசை.

கடைசி வரி. எல்லாப் படகுகளும்... கோடு. கீயில் 'வீட்டுக்கு' என்று அர்த்தம் வரும் வார்த்தை. அவள் 'பேக்' என்று எழுதியிருந்தாள். எல்லாப் படகுகளும் திரும்பி வந்தன.

பொருந்தியது.

டிக் போட்டேன்.

தாளின் மேல் ஒரு விரல் வந்து நின்றது.

துணி சுற்றிய விரல். நீர் சொட்டியது. மார்க் போடும் இடத்தைக் காட்டியது.

நிமிரவில்லை. நிமிர்ந்தால் செத்திருப்பேன்.

பத்துக்குப் பத்து. எழுதினேன். காலிதா. கையெழுத்துப் போட்டேன்.

விரல் நகரவில்லை.

தேதி...

6-3-2002.

தாள் என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு போனது.

6.41. கரண்ட் வந்தது. வாசலில் மாமாவின் சைக்கிள் மணி. மேஜையில் எட்டுத் தாள்கள்தான் இருந்தன. ஆறு வரிசை பெஞ்சிலும், ஒவ்வொன்றிலும் ஒருத்தி உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம்.

"யாராச்சும் உள்ள வந்தாங்களா?" என்று கூத்தையாவிடம் கேட்டேன்.

"ஒரு ஈ காக்கா வரல தாயி. நான் இங்கனதான இருக்கேன்."

மறுநாள் காலை தங்கசாமி சாரிடம் சொன்னேன்.

"சார், நேத்து கருத்தம்மா வந்திருந்தா."

அவர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. "யாரு சொன்னா உனக்கு?"

"நானே பாத்தேன்."

"உளறாத. அவ கடல்ல போயி நாலு நாளாச்சு. ஞாயித்துக்கெழம பாசிக்குப் போன எடத்துல முங்குனவ எந்திரிக்கல."

அவருக்குத் திங்கட்கிழமையே தெரிந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பரீட்ச நேரத்துல உங்க மனசு கெட்டுப்போகும்ல? ரிசல்ட்டு வரட்டும்னு இருந்தேன்."

சிவப்புப் பேனாவை அவர் மேஜையில் வீசினேன். இனிமேல் யார் தாளையும் திருத்த மாட்டேன் என்றேன். வகுப்புக்கு முன்னால் ஆறு அடி அடித்தார். வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வர வேண்டிய அடிதான், டிசம்பரிலேயே வந்திருக்க வேண்டும். அவருக்கு வர வேண்டியதை யார் கொடுப்பது என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. எழுதியது முப்பத்து நான்கு பேர். பாஸ் முப்பத்து நான்கு. பள்ளி வாசலில் துணியில் பெரிதாக நூறு சதவீதம் என்று எழுதிக் கட்டினார்கள். அந்தத் துணியைப் பார்த்த அன்றைக்கே உம்மாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக் குடியிருப்புக்குப் போனேன். முருகம்மாளின் காலில் விழுந்து, நான்தான் குறைத்துப் போட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

முருகம்மாள் எங்களை உட்காரச் சொன்னார். என் பெயரைக் கேட்டார். காலிதா என்றதும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார்.

"கடலுக்குப் போகயிலயும் இத விட மாட்டா. சுருட்டி இடுப்புல சொருகிக்குவா. திங்கக்கெழம வெடிய அவளத் தூக்குனப்பவும் இடுப்புலதான் இருந்துச்சு. படகுக்காரர் பால்சாமி அங்கனயே பிரிச்சு, மார்க்கயும் பேரயும் படிச்சுச் சொன்னாரு. அவளக் குழியில வைக்கிறதுக்கு முன்னாடி நான் எடுத்து வச்சுக்கிட்டேன். அன்னையிலருந்து இந்தப் பை என் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

திங்கட்கிழமை. மார்ச் நாலு.

பையிலிருந்து தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பெருக்கல் குறி ஒன்றுகூட இல்லை. பத்து டிக். பத்துக்குப் பத்து. கீழே என் கையெழுத்து.

தேதி 6-3-2002.

நான் எதற்காக வந்தேனோ அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முருகம்மாள் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு தாயி. பத்துக்குப் பத்து வாங்குன பிள்ளைய எதுக்கு வெளிய அனுப்புனீக?"

ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் நான் பதில் சொல்லவில்லை.