பெத்திடினும் வாசலில் நிற்கும் சொந்தங்களும்

பிரசவ அறை நர்ஸுக்கு வலியில் கத்துகிறவளைச் சமாளிப்பது சுலபம்; கதவுக்கு வெளியே நிற்பவர்களைச் சமாளிக்கத்தான் சம்பளம். பெத்திடின் என்று ஒரு ஊசி. பிரசவ வலியை அடியோடு நிறுத்தாது, கொஞ்சம் மழுங்கடிக்கும். டாக்டர் சொன்னால்தான் போடுவோம். அதையும் நேரத்தோடு போட வேண்டும். குழந்தை வெளியே வரும் சமயத்தில் போட்டால் அது மூச்சு விடத் திணறும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். என்னைப் போல வார்டில் மாரடிக்கும் சகோதரிகளுக்குப் புரியும்.

தூங்கினாலும் குற்றம்

சிதம்பரத்தில் இருந்தபோது லால்பேட்டைப் பெண் ஒருத்திக்கு அந்த ஊசியைப் போட்டோம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவள், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கண்ணயர்ந்தாள். சத்தம் நின்றதும் வெளியே கணவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மயக்கிவிட்டு ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறோமாம். விளக்கோ விளக்கென்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரிங்க சிஸ்டர், அவ கத்துனாத்தான் நார்மல்னு எனக்கு தைரியமா இருக்கும்."

ராகு காலம்

இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு நர்சிங் ஹோமில் இருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாமியார் ஒருவர் தானே வந்து மருமகளுக்கு அந்த ஊசியைப் போடச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மாமியாரா! அப்புறம்தான் தெரிந்தது, ராகு காலம் முடியும்வரை குழந்தையை உள்ளேயே நிறுத்திவைக்கத்தான் ஊசி கேட்கிறார். அது வலிக்கு மட்டும்தான், பிரசவத்தைத் தள்ளிப்போடாது என்றேன்.

"அப்ப அது இன்னாத்துக்கு? வலிக்கு மட்டும்னா வேணாம், அவ தாங்கிப்பா."

அம்மா வேண்டாமென்றால் வேண்டாம்

அண்ணாமலை நகரில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் ஒரு பெண் பிரசவத்துக்கு இங்கே வந்தாள். விவரம் தெரிந்தவள், வந்ததுமே ஊசியைக் கேட்டாள். டாக்டரும் சரி என்றார். போதை மருந்து வகை என்பதால் பெத்திடினைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், அது சட்டம். நான் அலமாரிப் பூட்டைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "நான் மூணு பெத்தேன், ஒரு ஊசி போட்டுக்கல. கொழந்தைக்கு ஆவாது" என்றார். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "வேணாங்க சிஸ்டர்" என்றுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மதியம் அவள் போட்ட கூச்சலில் அதே அம்மா கதவைத் தட்டினார். "போட்டுடும்மா, எம்பொண்ணு செத்துடுவா போலருக்கு." அப்போது குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்துவிட்டது. இனிமேல் கூடாது என்றுவிட்டார் டாக்டர். முழு வலியையும் தாங்கித்தான் பெற்றாள், பெண் குழந்தை. அம்மா உள்ளே வந்து அழுதார். இவள் நெஞ்சில் கிடந்த குழந்தையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"சிஸ்டர், இவ பிரசவத்துக்கு வரப்ப என்னய உள்ள விடாதீங்க."

பெத்திடினைப் பூட்டி வைக்கச் சட்டம் போட்டவர்கள், அந்தப் பூட்டை அலமாரிக்குப் போடுவதா, வாசல் கதவுக்குப் போடுவதா என்று எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.