மரத்துப்போன விரலுக்கு ஏற்ற குமிழ்

என் வலது கைக் கட்டைவிரல் நுனிக்கு எதுவும் தெரியாது. சூடான டீ கிளாஸைப் பிடித்தால், மற்ற விரல்கள் சொல்லித்தான் சூடு என்று தெரியும். வளைகுடாவில் ஒரு கட்டட வேலையில், கான்கிரீட்டுக்கு அடைப்பு வைக்கும் இரும்புத் தகடு சரிந்து கைமேல் விழுந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, நகம் திரும்ப முளைத்தது, உணர்வு மட்டும் வரவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மேற்கே தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியிருக்கிறேன், இனயத்தில் படகுகளுக்கு ஐஸ் சுமந்திருக்கிறேன், குஜராத்தில் மீன் கம்பெனியில் குளிர் அறைக்குள் நின்றிருக்கிறேன். ஒரு விரல் நுனி போனதைப் பெரிதாக நினைக்கவில்லை, விமானம் ஓட்டத் தொடங்கும் வரை.

விமானம் என்றால் நுரை அட்டையில் செய்த, ரிமோட்டில் பறக்கிற விமானம். வளைகுடாவில் என்னோடு ஒரே கேம்பில் தங்கியிருந்த நண்பன் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். இப்போது புதுக்கடை என்கிற ஊரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, இறக்கையைக் கழற்றிப் பைக்கில் கட்டிக்கொண்டு இராஜாக்கமங்கலம் பக்கம் வருவான். அங்கே வயலை மண்ணடித்து மேடாக்கி, கல் நட்டு, யாரும் வாங்காமல் கிடக்கிற பிளாட் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் தாமரை மூடிய குளம், குளத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஆள் நடக்கிற கரை.

ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி வேகத்துக்கு. வலது குச்சிதான் விமானத்தைத் திருப்பும், ஏற்றும், இறக்கும். அதற்கடியில் ஸ்பிரிங் உண்டு. விரலை எடுத்தால் தானாக நடுவுக்கு வந்துவிடும். குச்சியின் தலையில் விரல் வைக்க ஒரு சின்ன உலோகக் குமிழ். கண் முழுக்க வானத்தில் இருக்கும், கையைப் பார்க்க முடியாது. அந்தக் குமிழைத் தொட்டுக்கொண்டிருக்கிறோமா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். என் விரல் சொல்லாது.

முதல் தடவை அது நடந்தபோது களை பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கடற்காற்றில் கை பிசுபிசுத்து, விரல் குமிழிலிருந்து வழுக்கிவிட்டது. வழுக்கியது எனக்குத் தெரியவில்லை. நான் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன், விமானம் திரும்பாமல் வயலுக்கு மேலே போனது. கீழே பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். முன்னால் சுழலும் பிளாஸ்டிக் விசிறி ஒரு கையை எலும்பு வரை அறுத்துவிடும். விமானம் மூக்கைக் கவிழ்த்து அந்த வரிசைக்கு இந்தப் பக்கம் சேற்றில் குத்தி நின்றது.

ஒரு அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு வரப்பேறி வந்தாள். நடுவயது, முட்டுவரை சேறு. எனக்கு அதற்கு முன் அவளைத் தெரியாது.

“ஏலே, இது என் தலையில விழுந்திருந்தா நீ வந்து களை பறிப்பியா?”

அடுத்த தடவை வயலுக்குள் வந்தால் அது தன் வீட்டு அடுப்புக்குள்தான் கிடக்கும் என்றாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் இறங்கிப் போன பிறகு பேட்டரியைக் கழற்றப் பார்த்தேன், முடியவில்லை. நண்பன்தான் கழற்றினான்.

அன்றைக்கு வந்த பயம் போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது கூட, அந்தக் குனிந்த முதுகுகளின் மேல் விமானம் இறங்கும். அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தங்காதவன் நான். ஞாயிறு காலையில் எழுந்து அந்தப் பிளாட்டுக்குப் போவது ஒன்றுதான் என்னை ஊரில் பிடித்து வைத்திருந்தது. அதனால் குமிழை மாற்றிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

நண்பனிடம் ஒரு டப்பா நிறைய குமிழ்கள் இருந்தன. திருகிக் கழற்றி வேறு மாட்டலாம். வழவழப்பானது எனக்கு ஆகாது என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. உயரமான ஒன்றைப் போட்டேன். விரல் அதன்மேல் ஏறி நிற்க, ரிமோட்டைப் பிடித்த மற்ற விரல்களுக்கு வலி வந்தது. பிறகு கிரீடம் மாதிரி பல் வைத்த ஒன்று. அது வழுக்கவேயில்லை. சந்தோஷமாகப் பறத்தி இறக்கிவிட்டு ரிமோட்டைப் பார்த்தால் அதன்மேல் ரத்தம். எங்கிருந்து வந்தது என்று முதலில் விளங்கவில்லை. பல் விரலைக் கிழித்துக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் உடம்பில் நடப்பதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது.

நண்பன் அவனுக்கே உரிய இழுவையில் சொன்னான்: “நுனியக் கொண்டு தொடாத மக்கா. ஆள்காட்டி விரலையும் சேத்து ரெண்டு விரலால கிள்ளிப் பிடி. அந்த விரலுக்குச் சொரணை உண்டும்லா.”

பிடித்துப் பார்த்தேன். வேறொருவன் கையால் சோறு உண்கிற மாதிரி இருந்தது. விமானம் தண்ணி போட்டவன் போல அசைந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு வேறொரு யோசனை வந்திருந்தது.

ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு ஒட்டுப்பால் தெரியும். பால் வடிந்து முடிந்ததும் மரத்தின் வெட்டுத் தடத்தில் உறைந்து நிற்கிற நாடா. அதை உரித்துப் பந்தாகச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடுவார்கள், நாங்கள் கத்திப் பிடியில் சுற்றுவோம். மழையில் நனைந்தாலும் பிடி வழுக்காது. தெரிந்த தோட்டத்தில் கொஞ்சம் உரித்து வந்து, குமிழின்மேல் சுற்றி, வெளியே பச்சைப் பாலை ஒரு பூச்சு பூசி நிழலில் காயவைத்தேன். நாற்றம்தான் சகிக்கவில்லை. செத்த எலியைக் குச்சியில் குத்தி வைத்திருக்கிறாயா என்று நண்பன் மூக்கைப் பொத்தினான்.

ஆனால் காலை வெயிலில் அது அருமையாக நின்றது. விரல் நகரவேயில்லை. பயம் விட்டுப்போன மாதிரி இருந்தது. பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டு, ரிமோட்டைக் கல்லின்மேல் வெயிலில் வைத்துவிட்டு, நிழலில் படுத்துக்கொண்டோம்.

பச்சை ரப்பர் சூட்டில் இளகும். புகை போட்டால்தான் அது ஷீட்டாக நிற்கும். அது எனக்குத் தெரியாததல்ல. கத்திப் பிடி எப்போதும் விடிகாலை மரநிழலில் இருக்கும், அதனால் அங்கே இளகியதில்லை, அவ்வளவுதான்.

உச்சி வெயிலில் விமானத்தைத் திரும்ப ஏற்றினேன். அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல் தாங்கல் குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உச்சிநேர வழிபாடான பணிவிடை முடிந்து ஆட்கள் கரை வழியாக வீட்டுக்குப் போவார்கள். நெற்றியில் நாமமும் ஆண்களுக்குத் தலைப்பாகையுமாக அவர்கள் வருவது தெரிந்தது. அவர்கள் பக்கம் போகாமல் இருக்க விமானத்தை வலதுபுறம் வளைத்தேன். வளைவு போதும் என்று விரலை எடுத்தேன். விமானம் வளைந்துகொண்டே இருந்தது. ஒரு முழு வட்டம் சுற்றித் தலைகீழாகச் சரிந்து, கரையைப் பார்த்து வந்தது.

விரலை எடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஸ்பிரிங் போய்விட்டது, பேட்டரி போய்விட்டது என்று என்னென்னவோ ஓடியது. கரையில் வருகிறவர்களின் முகம் தெரிந்தது. முன்னால் வந்தது அந்த அக்கா. கையில் மூடிய பாத்திரம். அவள் நிமிர்ந்து பார்த்தாள், நகரவில்லை.

நண்பன் என் கையைப் பார்த்தான். “விரலு ஒட்டிக் கெடக்கு மக்கா” என்றான், சத்தமில்லாமல்.

குனிந்து பார்க்க நேரமில்லை. ஆள்காட்டி விரலைக் கொண்டுபோனேன். அதற்குத் தெரிந்தது: பிசின் மாதிரி இழுபடும் ரப்பர், அதற்குள் குச்சி, குச்சிக்கடியில் நடுவுக்கு வரத் துடிக்கிற ஸ்பிரிங். இரண்டு விரலாலும் பிடித்துக் குச்சியை மறுபக்கம் தள்ளினேன். இடது கை வேகத்தை அறுத்தது. விசிறி நின்றுபோன விமானம் அவள் தலைக்கு மேலே சத்தமில்லாமல் போய்த் தாமரை இலைகளின்மேல் விழுந்தது.

அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாத்திரத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் நின்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. என் கையைப் பார்த்தாள். கட்டைவிரலிலிருந்து ரப்பர் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“கைக்கு என்னலே?”

சொன்னேன். அவள் அந்த விரல் நுனியைப் பிடித்து நகம் பதியக் கிள்ளி, என் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது.

“நான் இந்தக் கரையிலதான் நடக்கணும். வேற வழி கெடையாது. நான் நடக்கட்டா, நீ பறத்துறியா?”

நீங்கள் நடங்கள் அக்கா என்றேன். கூட வந்தவர்கள் அவளைக் கைகொடுத்து எழுப்பினார்கள்.

ரப்பரைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். இப்போது இருக்கிற குமிழ் நடுத்தர உயரம், தலை மழுங்கியது, பக்கவாட்டில் மட்டும் மெல்லிய வரி போட்டது. மேலே விரல் வைக்க அது உதவாது. பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க வசதியானது. ஆள்காட்டி விரல் அந்த வரிகளைத் தடவித் தெரிந்துகொள்ளும். கழுத்தில் வார் போட்டு ரிமோட்டை மாட்டியிருக்கிறேன், உள்ளங்கை இரண்டும் அதன்மேல் படிந்து கிடக்கும். விமானம் இன்னும் கொஞ்சம் அசைகிறது. கரைப்பக்கம் நான் வளைப்பதே இல்லை.

பயம் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உச்சிக்கு அந்த அக்கா கரை முனையில் வந்து நிற்பாள். மற்றவர்களையும் கையால் தடுத்து நிறுத்துவாள். அவள் நிற்பதைக் கண்டதும் இறக்கிவிடுவேன்.

“எறக்கியாச்சா?” என்பாள்.

நான் உடனே பதில் சொல்வதில்லை. விமானம் மண்ணில் நிற்பதைப் பார்ப்பேன். பிறகு குனிந்து, என் கட்டைவிரல் குச்சியை விட்டு விலகியிருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் சொல்வேன்:

“எறக்கியாச்சு அக்கா. நடங்க.”