ஒரு டிரெய்லர் நாற்று

குடவாசலிலிருந்து பூதலூர் பக்கம் எண்பது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம். டிரெய்லர் மாட்டிய டிராக்டரில் போனால் ஐந்து மணி நேரம், இடுப்பு கழன்றுவிடும். அப்படி நான் போய்வந்ததற்குக் காரணம் எங்கள் ஆறு மா நிலம். ஏக்கர் கணக்கில் சொன்னால் இரண்டுதான். ஆனால் என் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எல்லோரும் அடுத்தவர் வயலில் நட்டவர்கள். எங்கள் பேரில் பட்டா என்று வந்த முதல் மண் அது. என் கணவர் பதினான்கு வருடம் துபாயில் கிடந்து சம்பாதித்து வாங்கியது.

அந்த மண்ணில் முதல் சம்பாவுக்கு விட்ட நாற்றங்கால் ஐப்பசி மழையில் முழுகி அழுகிப்போனது. மறுபடி விதைவிட்டுக் காத்திருக்கப் பருவம் இல்லை. அந்த வாரமே நட்டாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் வருடமே தரிசு.

துபாயில் என் கணவரோடு ஒரே அறையில் இருந்த பாய் ஒருவருக்குப் பூதலூர் பக்கம் மளிகைக் கடையும் கொஞ்சம் வயலும் உண்டு. அவர் நட்டது போக நாற்று மிச்சம் இருந்தது. போனில் விலை கேட்டேன்.

"நாத்துக்கு என்ன தங்கச்சி வெல? பறிகூலிய மட்டும் குடுத்துருங்க. வண்டியோட வாங்க," என்றார்.

வண்டி என்று சொல்வது சுலபம். லாரிக்காரர் கேட்ட வாடகையில் இன்னொரு நடவே நட்டுவிடலாம். எங்கள் தெருவில் டிராக்டர் வைத்திருந்த தம்பி ஒருவர்தான் டீசலும் பேட்டாவும் போதும் என்று வந்தார். போக வர டீசல் மூவாயிரம், பேட்டா, பறிகூலி, வழியில் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தபோது சத்துணவு அமைப்பாளர் சம்பளத்தில் எனக்கு அந்த மாதம் மிஞ்சியது பஸ் காசுதான். சேறு அடிக்கவும் நடவுக்கு ஆள் சொல்லவும் என் கணவர் ஊரில் இருந்தாக வேண்டும். அதனால் நான் கிளம்பினேன்.

முதல் நாளே காலி டிரெய்லரோடு போய்ச் சேர்ந்தோம். இருபதுக்கு மேல் ஓட்டினால் டிரெய்லர் நெளியும், வேகத்தடையில் தூக்கித் தூக்கிப் போடும். பாய் வீட்டில் இடியாப்பமும் கறியும் வைத்துப் படுக்க இடமும் கொடுத்தார்கள். விடிந்ததும் பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டி ஏற்றினோம். வெயில் சுள்ளென்று வந்தது. நாற்று வாடிவிடுமே என்று படுதாவைப் போட்டு நாலா பக்கமும் இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

"காத்து வேணாமாக்கா?" என்றார் டிராக்டர் தம்பி.

"நாத்தப் பத்தி எனக்கே சொல்றீங்களா? பதினஞ்சு வருஷம் நட்ட கை இது."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சத்துணவு வேலை கிடைக்கும்வரை நட்ட கைதான், பொய்யில்லை. ஆனால் அந்தக் கை நாற்றைத் தூக்கிக்கொண்டு நாலு வரப்பு தாண்டியிருக்குமே தவிர, நாலு ஊர் தாண்டியதில்லை. அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

பாபநாசம் தாண்டியதும் வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்களில் நாலு பேர் ரோட்டுக்கு ஏறி வந்து வண்டிக்கு முன்னால் ஒரு நாற்று முடியை நீட்டினார்கள். எங்கள் பக்கம் இது வழக்கம். நடவு நேரத்தில் அந்த வழியாகப் போகிறவர்களை மறித்து டீக்கு, வெற்றிலைக்குக் காசு கேட்பார்கள். நானே எத்தனையோ கார்களை மறித்திருக்கிறேன். அதெல்லாம் மறந்து வண்டியிலிருந்து குதித்தேன்.

"வேற வேல இல்லயா உங்களுக்கு? நாத்தோட போற வண்டியவா மறிப்பீங்க?"

நாற்று என்றதும் என் வயதில் இருந்த ஒருத்தி பின்னால் போய்ப் படுதாவின் முனையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள்.

"ஏய், கைய எடு!" என்று கத்தினேன்.

"அக்கா, கத்துறத அப்பறமாக் கத்துங்க. கைய விட்டுப் பாருங்க. உள்ள வேகுது."

விட்டுப் பார்த்தேன். சத்துணவுக் கூடத்தில் சாம்பார் அண்டாவைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வயலைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருந்தவர்கள்கூட மூடிவைத்துவிட்டு வந்தார்கள். டிரெய்லரிலிருந்து வாய்க்கால் வரைக்கும் வரிசையாக நின்று முடிகளைக் கைமாற்றித் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். நடுவில் இருந்த கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, மற்றதெல்லாம் தப்பியது. வேர் கீழே இருக்கும்படி நிறுத்தி, நடுவே காற்றுக்குச் சந்து விட்டு, அவர்களே திரும்ப அடுக்கினார்கள். டிராக்டர் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் படுதாவை மடித்துத் தன் சீட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பர்ஸில் இருந்ததை அப்படியே நீட்டினேன்.

"வழி மறிச்ச காச மட்டும் குடுங்க," என்றாள் அவள். "இது என்ன கூலி வேலையா? நாத்து சாவறதப் பாத்துக்கிட்டு நிப்பமா?"

ஐம்பது ரூபாய் எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் சாப்பாட்டு நேரம் முழுக்க எங்கள் நாற்றுக்குப் போயிற்று.

கும்பகோணம் வருவதற்குள் தம்பிக்கு வாய் வந்துவிட்டது. "இனிமே யாரு மறிச்சாலும் நிறுத்திரலாமாக்கா?" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

மறுநாள் காலையில் எங்கள் வயலில் நடவு. வரப்பில் நின்றிருந்தேன். ஒரு மூலை நட்டு முடிந்ததும் இரண்டு பெண்கள் வந்து ஒரு முடியைக் குறுக்கே நீட்டி, "மொதலாளியம்மா, டீக்குக் காசு," என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். வயலே சிரித்தது.

எட்டாம் நாள் ஆறு மாவும் பச்சை பிடித்துவிட்டது. பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். பாபநாசத்துப் பெண்களுக்கு எப்படிச் சொல்வது? பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கத்தியது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.