ரெயில்கன்னுக்கு வைத்த சந்தனம்

நின்ற இடத்திலேயே நின்று, சொன்னதையே திரும்பச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது போல முகத்தை வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் விளக்குநர் வேலை. மியூசியத்திலோ பொருட்காட்சியிலோ குக்கர் விற்கும் ஸ்டாலிலோ கையை நீட்டிப் பேசிப் பிழைக்கும் என் இனத்தாருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் கேளுங்கள்.

மூன்று மேசைகள்

மைசூரில் ஒரு தனியார் அறிவியல் கூடத்தில், கடற்படை ஆயுதங்களைக் காட்டும் அறை என் பொறுப்பு. மூன்று மேசைகள், மூன்று மாதிரிகள். முதல் மேசையில் பீரங்கி. நிஜத்தில் வெடிமருந்து குண்டைத் தள்ளும். குழாயை விட்டு வெளியே வந்த பிறகு குண்டு பாடு, காற்று பாடு. இரண்டாவது, ஏவுகணை. எரிபொருளையும் மூளையையும் கூடவே எடுத்துக்கொண்டு கிளம்பும், வழியில் திரும்பும், தேடிப் போய் அடிக்கும். ஆனால் விலை ஏகம், கப்பலில் ஏற்றிக்கொள்ளக்கூடியதும் கொஞ்சம்தான்.

மூன்றாவதுதான் என் செல்லம், ரெயில்கன். இரண்டு செப்புத் தண்டவாளங்கள், நடுவில் ஒரு சின்ன அலுமினியத் துண்டு. ஒரு தண்டவாளத்தில் ஏறும் மின்சாரம் துண்டு வழியாகப் பாய்ந்து மற்றதில் இறங்கும். அப்போது பிறக்கும் காந்த விசை துண்டை வெளியே விரட்டிவிடும். வெடிமருந்தே கிடையாது. நிஜ ரெயில்கன் பீரங்கியைவிட வேகமாகக் குண்டை விரட்டும், ஆனால் மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும்.

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்த ஒரு நாள், ஊதுபத்தி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கடைசி வரை கவனமாகக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவர் கேட்டார்: "கரண்ட் போச்சுன்னா சண்டையை நிறுத்திருவாங்களா மேடம்?"

ஊர்ப் பெருமை

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கரும்பு போடும் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். ரெயில்கன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏவுகணை மேசைக்கு நகர்ந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். நான் திசைமாற்றி, இலக்கு தேடும் கருவி என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. போர்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

தேடியது கிடைக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கோபப்படாமல், வீட்டுக்கு வந்தவருக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அந்தக் காலத்துலயே எங்க ஊர்ல ராக்கெட் விட்டு வெள்ளைக்காரனை ஓட வெச்சாங்க. போர்டுல போடாட்டிப் பரவால்ல, நீங்களாவது வாயால சொல்லிடுங்க." அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உப்புத்தாள்

மற்ற இரண்டு மாதிரிகளும் சாதுக்கள். பீரங்கி ஸ்பிரிங்கில் சுடும், ஏவுகணை காற்றழுத்தத்தில் பாயும். பட்டனைத் தட்டினால் போதும். ரெயில்கன் மட்டும் நிஜமாகவே மின்சாரத்தில் சுடும். அதனால் ஒவ்வொரு முறையும் பளிச்சென்று பொறி பறந்து தண்டவாளம் கருகிப்போகும். உடனே முருகேசன் வந்து, சேர்ந்திருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு, கண்ணாடி மூடியைத் திறந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும்.

முருகேசன் எங்கள் எலக்ட்ரீஷியன், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளிக்காரர். இந்த ரெயில்கன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை வேலைக்கு வைத்தார்கள். அவர் தேய்க்கும்போது நான் கூட்டத்தைச் சமாளிப்பேன். நிஜ ரெயில்கன்னுக்கும் இதே வியாதிதான், தண்டவாளம் தேய்ந்துபோகும், ஒரு பெரிய கடற்படை பல வருஷம் முயன்றுவிட்டு ஒதுக்கி வைத்துவிட்டது, இன்னொரு நாடு விடாமல் கப்பலில் ஏற்றிச் சுட்டுப் பார்க்கிறது என்றெல்லாம் சொல்வேன்.

இன்ஜினியரிங் படிக்கும் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தோழியிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "சுடறது ஒரு செகண்ட், தேய்க்கறது பத்து நிமிஷம். எங்க வீட்டு தோசைக்கல்லும் இப்படித்தான்."

முதலாளியின் தீர்ப்பு

எங்கள் முதலாளி சிவண்ணா நல்ல மனிதர். ஆனால் ரிப்பேருக்கு நிற்கும் எதைப் பார்த்தாலும் அவருக்கு வயிறு எரியும். தசரா கூட்டம் தொடங்கும் முன் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். ரெயில்கன்னை குடோனில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கேப்டன் தொப்பியோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு அட்டைக் கப்பல் வைக்கப்போவதாகச் சொன்னார். நான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கினேன். விஜயதசமி காலையில் அவரே வந்து நிற்பார். தகராறு பண்ணாமல் சுட்டால் ரெயில்கன் இருக்கும், இல்லாவிட்டால் குடோன்தான்.

ரெயில்கன் குடோனுக்குப் போனால் முருகேசனும் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஒரு ஸ்பிரிங்குக்கும் கொஞ்சம் காற்றுக்கும் யார் எலக்ட்ரீஷியன் வைப்பார்கள்? அவர் மகளை அந்த வருஷம்தான் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உப்புத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அது சுடும்ங்க அக்கா. நாம நல்லாப் பாத்துக்கிட்டா அதும் நம்மளப் பாத்துக்கும்."

ஆயுத பூஜை

ஆயுத பூஜையன்று கூடத்துக்கு விடுமுறை. முருகேசன் மட்டும் வந்து எல்லாவற்றையும் துடைத்து, பூசணிக்காய் உடைத்து, சேவந்திப் பூ வைத்திருக்கிறார். பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் சுட்டுப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலை ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் அறை கொள்ளாமல் நின்றது. சிவண்ணா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். பீரங்கி சுட்டது, ஏவுகணை பாய்ந்தது, ஆட்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ரெயில்கன் பட்டனை அழுத்தினேன். பொறியும் இல்லை, சத்தமும் இல்லை.

குனிந்து பார்த்தேன். வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கு வைப்பதுபோல, இரண்டு தண்டவாளங்களின் உள்பக்கத்திலும் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவே குங்குமம். நன்றாகக் காய்ந்து, துண்டுக்கும் செம்புக்கும் நடுவே மின்சாரம் நுழைய வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அடிக்குரலில் கேட்டேன். முருகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது: "மத்த ரெண்டுக்கும் வெச்சுட்டு, சோறு போடறதுக்கு வெக்காம உடறதுங்களா அக்கா?"

இர்லி பிடி

அதற்கு மேல் என்ன திட்டுவது? முருகேசன் மின்சாரத்தை இறக்கி மூடியைத் திறந்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். நான் ஒளிக்காமல் கூட்டத்திடம் நடந்ததைச் சொன்னேன். கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஏவுகணை மேசையிலிருந்தவர்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ஒருவர் கைக்குட்டை கொடுத்தார். ஒரு அம்மாள் மூலையில் இன்னும் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்று காட்டினார். ஈரம் காய இரண்டு பேர் நோட்டீஸால் விசிறினார்கள். ஒருவர்கூட நகரவில்லை.

உப்புத்தாள் போட்டு, மூடியைச் சாத்தி, மறுபடி மின்சாரம் ஏற்றி, முருகேசனையே அழுத்தச் சொன்னேன். பளிச். துண்டு எதிரே இருந்த தெர்மாகோலைத் துளைத்துக்கொண்டு போனது. தங்கள் வீட்டுப் பிள்ளை பாஸானது போல அறையே கைதட்டியது.

சிவண்ணா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஆளில்லாத மற்ற இரண்டு மேசைகளையும் பார்த்தார், நெரிசலில் நின்ற இந்த மேசையையும் பார்த்தார். பிறகு முருகேசன் தோளில் தட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "அது ரெண்டும் கரெக்டா சுடுது, யாரும் நிக்கல. இது சுடாததைப் பாக்க இவ்ளோ ஜனம். இர்லி பிடி, இங்கயே இருக்கட்டும் விடுங்க."

பீரங்கிக்கு மருந்து வேண்டும், ஏவுகணைக்கு மூளை வேண்டும், ரெயில்கன்னுக்கோ உப்புத்தாளும் பக்கத்தில் ஒரு முருகேசனும் வேண்டும் என்பதுதான் என் விளக்கவுரையில் நான் கடைசியாகச் சேர்த்துக்கொண்ட வரி.